மறதிநோயாளர் இல்லத்தின் தரத்தை மதிப்பிடும் முறை

ஒரு மருத்துவமனையின் தரத்தை அறிய விரும்புவோர், அங்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களை விசாரித்துத் தெரிந்துகொள்வது வழக்கம். உணவு எப்படி இருந்தது, செவிலியர் கனிவுடன் நடந்துகொண்டனரா, வலி தணிந்ததா என்னும் கேள்விகளுக்கு அவர்களே சான்று கூறுவர். முதுமை மறதிநோய்க்கு ஆளானவர்களைப் பராமரிக்கும் இல்லங்களின் விஷயத்தில் இவ்வழி பெரிதும் அடைபட்டுவிடுகிறது. காலையில் உண்டதை நண்பகலில் நினைவுகூர இயலாதவர், தமக்கு நேர்ந்த குறையை மாலையில் வரும் மகனிடம் எடுத்துரைப்பது அரிது. நோய் முற்றிய நிலையில் சொற்களே அவரை விட்டு நீங்கிவிடுகின்றன. ஆகவே இத்தகைய இல்லத்தை மதிப்பிட முனைவோர், வாய்மொழிச் சான்றோடு நின்றுவிடாமல், கண்ணால் கண்டறியத்தக்க சான்றுகளையும் தேடவேண்டியவராகின்றனர். அச்சான்றுகள் யாவை, அவற்றைச் சேகரிக்கும் முறை யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இம்முறையின் தேவை மலைத் தோட்டப் பகுதிகளில் தெளிவாக விளங்கும். திருவனந்தபுரம் மாவட்டம், நெடுமங்காடு வட்டத்தில், விதுராவுக்கு அப்பால் அகத்தியர் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள போனக்காடு இதற்கு ஓர் உதாரணம். ஆங்கிலேயர் காலத்தில் ஏற்பட்ட அத்தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கக் குடியேறியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூரில் தோட்டத் தொழில் நலிந்து, தொழிற்சாலை மூடப்பட்டபின், வேலை செய்யும் வயதினர் பலர் கீழே சமவெளிக்கு இறங்கிவிட்டனர். லயங்களில் எஞ்சியவர்களுள் முதியோர் பலர். சுற்றிலும் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தைச் சார்ந்த காடு. வழி மறந்த ஒரு முதியவர் அந்தி வேளையில் லயத்தை விட்டு வெளியேறினால், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பகல் முழுவதும் வேலைக்குச் சென்றாக வேண்டிய குடும்பம், முதியவரை ஓர் இல்லத்தில் சேர்ப்பது பற்றி எண்ண நேரிடுகிறது. அந்நிலையில் அக்குடும்பம் யோசனை கேட்பது பெரும்பாலும் ஊர் ஆசிரியரிடமும், ஆஷா பணியாளரிடமும், அங்கன்வாடி ஊழியரிடமுமே ஆகும்.

நோயின் இயல்பு

மருத்துவர்கள் டிமென்ஷியா எனக் கூறும் மறதிநோய், மூப்பின் இயல்பான விளைவு அன்று. மூளையைத் தாக்கும் பல நோய்களால் உண்டாகும் ஒரு நிலை. இவற்றுள் முதன்மையானது, 1906 ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த நோயாகும். மறதிநோயாளருள் 60 முதல் 70 சதவீதத்தினருக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் கருதுகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதால் தோன்றும் வகை மற்றொன்று. நினைவு மட்டுமன்றி, சொல்வன்மை, திசையறிவு, காரியங்களை வரிசைப்படுத்திச் செய்யும் திறன் ஆகியவையும் படிப்படியாகக் குன்றுகின்றன. எனினும் அச்சம், மகிழ்ச்சி, வெட்கம், அன்பு ஆகிய உணர்ச்சிகள் நெடுங்காலம் நிலைத்திருக்கின்றன. அதட்டியவர் யார் என்பது மறந்துபோகலாம். அதட்டலால் எழுந்த கலக்கமோ நீடித்து நிற்கக்கூடும். பராமரிப்பின் தரம் பற்றிய ஆராய்ச்சி யாவும் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

2021 ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் இந்நிலையில் இருந்தனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயாளராக இருக்கலாம் என 2023 இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று கூறுகிறது. 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்திய மக்களுள் 60 வயதைக் கடந்தோர் 8.6 சதவீதம்; கேரளத்திலோ 12.6 சதவீதம். ஆகவே இப்பிரச்சினையை அம்மாநிலம் மற்ற மாநிலங்களுக்கு முன்பாகவே எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

கேரளத்தில் எடுக்கப்பட்ட முயற்சிகள்

டாக்டர் கே. ஜேக்கப் ராய் அவர்களின் முயற்சியால் 1992 இல் கேரளத்தில் தோன்றிய இந்திய அல்சைமர் சங்கம், இத்துறையில் முன்னோடியாகப் பணியாற்றியது. 1998 இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் "10/66" என்னும் ஆராய்ச்சிக் குழுவைத் தோற்றுவித்தனர். மறதிநோயாளருள் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆராய்ச்சியில் 10 சதவீதத்திற்கும் குறைவான பகுதியே அந்நாடுகளைப் பற்றியது என்னும் குறையை அப்பெயர் சுட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத முதியோரிடம் மேல்நாட்டு நினைவுத் தேர்வுகளை அப்படியே பிரயோகித்தால் தவறான முடிவுகள் கிடைக்கும் என்பதை உணர்ந்து, படிப்பறிவின் வேற்றுமையால் பாதிக்கப்படாத தேர்வுமுறையை அக்குழு வகுத்தது. பள்ளி செல்லும் வாய்ப்பின்றிச் சிறு வயதிலேயே வேலைக்கு வந்த தோட்டத் தொழிலாளருக்கு இது பெரிதும் பொருந்துவதாகும்.

2014 இல் கேரள அரசு, அச்சங்கத்துடன் சேர்ந்து "ஸ்மிருதிபதம்" என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. திருச்சூர் மாவட்டத்துக் குன்னங்குளத்தில் பகல்நேரப் பராமரிப்பு நிலையமும், எர்ணாகுளம் மாவட்டத்து எடவனக்காட்டில் முழுநேர இல்லமும் இதன்கீழ் அமைந்தன. 2008 இல் அம்மாநிலம் வகுத்த நோய்த்தணிப்புச் சிகிச்சைக் கொள்கையின் பயனாக, ஊராட்சி தோறும் செவிலியர் வீடு தேடிச் சென்று படுக்கையிலுள்ளோரைக் கவனிக்கும் ஏற்பாடும் பரவியுள்ளது. "பாலியேட்டிவ்" என்றே மக்கள் இதனைக் குறிப்பிடுவர். ஆகவே இல்லத்தில் சேர்ப்பதைப் பற்றிப் பேசுமுன், வீட்டிலேயே பராமரிப்பதற்கு இவ்வுதவி போதுமா என்பதை ஆராய்வது முறையாகும். போதாது என்று தெளிந்தால், நல்ல இல்லத்தில் சேர்ப்பதை நன்றிகெட்ட செயலாகக் கருத வேண்டுவதில்லை. ஆனால் அது நல்ல இல்லந்தானா என்பதை அறிந்தபின்னரே அம்முடிவுக்கு வரவேண்டும்.

மூவகைச் சான்றுகள்

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எவ்வாறு அளப்பது என்பது பற்றி அவேடிஸ் டோனபேடியன் என்னும் அறிஞர் 1966 இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வுரை இன்றளவும் அடிப்படையாக விளங்குகிறது. அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று கோணங்களில் தரத்தை நோக்கவேண்டும் என்பது அவர் கருத்து. கட்டடம், கருவிகள், பணியாளர் தொகை, பயிற்சி ஆகியவை அமைப்பு. நாள்தோறும் நோயாளருக்கு என்ன செய்யப்படுகிறது, எவ்விதம் செய்யப்படுகிறது என்பது செயல்முறை. அதன் பயனாக அவரது உடலும் உள்ளமும் எந்நிலையில் உள்ளன என்பது விளைவு.

பள்ளிக்கூடத்தை உவமையாகக் கொண்டால் இப்பாகுபாடு எளிதில் விளங்கும். வகுப்பறையும் கரும்பலகையும் அமைப்பு. ஆசிரியர் பாடம் நடத்துவது செயல்முறை. மாணவர் பெற்ற அறிவு விளைவு. புதிய கட்டடம் ஒன்றைக் கொண்டே பள்ளியின் தரத்தை எவரும் நிர்ணயிப்பதில்லை. ஆயினும் முதியோர் இல்லத்தைப் பார்க்கச் செல்வோர் பளபளக்கும் தரையையும், சுவரிலுள்ள சான்றிதழையும் கண்டு மனநிறைவுடன் திரும்பிவிடுவது சாதாரணமாக நிகழ்கிறது. அமைப்பு நன்றாயிருந்தால் நல்ல பராமரிப்புக்கு இடமுண்டு என்று மட்டுமே கொள்ளலாம். அப்பராமரிப்பு நடைபெறுகிறது என்பதற்கு அது சான்றாகாது.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை

மறதிநோயாளர் இல்லத்திற்கு ஆடம்பரம் தேவையில்லை. கழிப்பறையின் கதவு படுக்கையிலிருந்தும் அமருமிடத்திலிருந்தும் கண்ணுக்குத் தென்பட வேண்டும்; சுவரின் நிறத்தினின்று வேறுபட்ட நிறம் பூசப்பட்டிருக்க வேண்டும். எழுத்தறியாதோரும் உணரும் வண்ணம் படம் இருத்தல் நலம். தரை மினுமினுத்தால் நீர் தேங்கியிருப்பதாகவும், கரிய நிற மிதியடி குழியாகவும் அவர்களுக்குத் தோன்றக்கூடும். உலவும் இயல்புடையோர் தடையின்றி நடந்து, புறப்பட்ட இடத்திற்கே வந்துசேரும் சுற்றுப்பாதையும் நிழலுள்ள முற்றமும் வேண்டும். பூட்டிய அறையைவிட இத்தகைய பாதையே பாதுகாப்பானது.

உணவுத் தட்டின் நிறமும் முக்கியமானது. நோய் முற்றிய சிலருக்குச் சிவந்த நிறத் தட்டில் உணவளித்தபோது, வெள்ளைத் தட்டில் உண்டதைவிட நான்கில் ஒரு பங்கு அதிகமாக உண்டனர் என அமெரிக்காவில் நடந்த சிறிய ஆய்வொன்று 2004 இல் தெரிவித்தது. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர்கள் கண்ணுக்குப் பிரிந்து தெரிவதில்லை. வாழையிலையில் சோறு படைக்கும் நம் வழக்கம் இவ்வகையில் மிக உகந்தது எனலாம்.

பணியாளர் தொகையைக் கேட்கும்போது மொத்த எண்ணிக்கையைக் கேட்பதால் பயனில்லை. நள்ளிரவுக்குப்பின் இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பர், ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருவர், கடந்த ஓராண்டில் எத்தனை பேர் வேலையை விட்டு நீங்கினர் என்று கேட்பதே தக்கது. முகங்கள் அடிக்கடி மாறினால் நோயாளரின் கலக்கம் மிகும். அவரது பழக்கவழக்கங்களை அறிந்தவரும் இல்லாமற்போவர்.

செயல்முறையை நேரில் கண்டறிதல்

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் கிட்வுட் என்னும் அறிஞர், மறதிநோயாளரின் அல்லலில் ஒரு பகுதி மூளைக்கேட்டினாலும், மற்றொரு பகுதி சூழ்ந்திருப்போர் நடத்தும் விதத்தாலும் விளைகிறது என எடுத்துக்காட்டினார். அவரும் கேத்லீன் பிரெடின் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய உற்றுநோக்கல் முறையில், பயிற்சி பெற்ற ஒருவர் பொதுக்கூடத்தில் அமர்ந்து, சில நோயாளரை மணிக்கணக்காகக் கவனிக்கிறார். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை ஒரு குறியாலும், அவரது மனநிலையையும் ஈடுபாட்டையும் கூட்டல் 5 முதல் கழித்தல் 5 வரையிலான எண்ணாலும் குறிக்கிறார். படுக்கையறையிலும் குளியலறையிலும் இது செய்யப்படுவதில்லை.

முறையான பயிற்சியின்றி அம்முறையை முழுமையாகக் கையாள இயலாது. எனினும் அதன் சாரத்தைக் கள ஊழியர் பயன்படுத்தலாம். கைக்கடிகாரமும் குறிப்பேடும் போதும். இல்லத் தலைவரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, பொதுக்கூடத்தில் ஓர் ஓரமாக ஒரு மணி நேரம் அமர்ந்து, ஒரே நோயாளரை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை கவனித்தால் பன்னிரண்டு குறிப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று விஷயங்களை எழுதினால் போதுமானது: அவர் என்ன செய்கிறார்; முகத்தில் தோன்றுவது மகிழ்ச்சியா, அமைதியா, கலக்கமா; அந்த ஐந்து நிமிடத்தில் எவரேனும் அவருடன் பேசினரா.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பன்னிரண்டு குறிப்புகளில் ஒன்பதில் ஒருவர் சுவரை நோக்கி வெறுமனே அமர்ந்திருக்கிறார். இரண்டில் உணவு ஊட்டப்படுகிறது. ஊட்டுபவர் அவர் முகத்தைப் பாராமல் மற்றொரு பணியாளருடன் பேசிக்கொண்டிருக்கிறார். ஒன்றில் மட்டும் துப்புரவுப் பணிப்பெண் அவர் தோளைத் தொட்டு இரு வார்த்தை பேச, அவர் சிரிக்கிறார். இக்குறிப்புகளிலிருந்து இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. அவரிடம் இன்னும் சிரிப்பு உண்டு என்பது ஒன்று. அவ்வில்லத்தில் அதனை வெளிக்கொணரும் வாய்ப்பு ஒரு மணிக்கு ஒருமுறையே கிட்டுகிறது என்பது மற்றொன்று. எந்தச் சான்றிதழும் இவ்விரண்டையும் தெரிவிப்பதில்லை. ஆயினும் ஒரே மணி நேரத்தைக் கொண்டு முடிவு கட்டலாகாது. உணவு வேளையில் ஒருமுறையும், மாலை நான்கு மணிக்குமேல் ஒருமுறையுமாக இரு நாள்கள் கவனித்தல் நலம். மறதிநோயாளர் பலருக்கு அந்தி நேரத்தில் கலக்கம் அதிகரிப்பதால், இல்லத்தின் பொறுமையும் அப்பொழுதே வெளிப்படும்.

கிட்வுட் தொகுத்த தீய பழக்கங்களுள் சிலவற்றை ஊழியர் நினைவில் வைத்தல் வேண்டும்: அவர் வேகத்திற்கு மீறி அவசரப்படுத்துதல், குழந்தையை அழைப்பதுபோல் அழைத்தல், அவர் எதிரிலேயே அவர் அங்கு இல்லாததுபோல் அவரைப் பற்றிப் பேசுதல், ஏமாற்றிக் காரியம் செய்வித்தல், தாமே செய்யக்கூடியதையும் செய்யவிடாது தடுத்தல். இவை பெரும்பாலும் கெட்ட எண்ணத்தினால் எழுபவை அல்ல என்பதையும் அவரே வலியுறுத்தினார். வேலைப் பளுவும் பயிற்சிக் குறைவுமே இவற்றின் வேர். ஆகவே மதிப்பிடுவோர் தனிப்பட்ட பணியாளர்மீது குற்றம் சாட்டாது, இல்லத்தின் ஏற்பாட்டை ஆராய வேண்டும்.

நோயாளரையே கேட்பதும் விட்டுவிடத்தக்கதன்று. நேற்று நடந்ததைக் கூற இயலாதவரும், "இப்போது வலிக்கிறதா?", "பசிக்கிறதா?" என்று கேட்டால் சரியாகவே விடை கூறுவது உண்டு. கேள்வி குறுகியதாகவும், அந்தக் கணத்தைப் பற்றியதாகவும் அமையவேண்டும்.

கட்டுதலும் மருந்தும்

அலைந்து திரிபவரை நாற்காலியிலோ கட்டிலிலோ கட்டிவைத்தால் விபத்து குறையும் என்னும் நம்பிக்கை ஒரு காலத்தில் எங்கும் பரவியிருந்தது. அமெரிக்காவில் 1986 இல் வெளியான ஓர் அறிக்கை, பராமரிப்பு இல்லங்களின் நிலையைக் கடுமையாகக் கண்டித்தது. அதன் பயனாக 1987 இல் இயற்றப்பட்ட சட்டம், பணியாளரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ எவரையும் கட்டக்கூடாது என்று விதித்தது. கட்டுண்டவர் விடுபட முயன்று காயமடைவதும், தசைகள் நலிவதும், படுக்கைப்புண் தோன்றுவதும் ஆராய்ச்சியில் தெளிவாயின.

இந்தியாவில் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அதன்கீழ் வரும் நிலையங்களில் எவரையும் சங்கிலியால் பிணைப்பதை அறவே தடை செய்கிறது. உடனடியாக நேரக்கூடிய தீங்கைத் தவிர்க்க வேறு வழியில்லாதபோது மட்டும், பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதியுடன், இன்றியமையாத நேரத்திற்கு மட்டும் கட்டுப்படுத்தலாம். காரணமும் முறையும் நேரமும் பதிவு செய்யப்பட வேண்டும்; நோயாளர் நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்கப்பட வேண்டும். எந்த இல்லத்தையும் மதிப்பிட இது தக்க அளவுகோலாகும். மணிக்கட்டில் தழும்பு, நாற்காலிக் காலில் சுற்றிய துணி, கட்டில் ஓரத்தில் தொங்கும் சேலைக் கிழிசல் ஆகியவை கண்ணில் பட்டால் காரணம் கேட்டறிதல் வேண்டும்.

கயிறின்றிக் கட்டுவதும் உண்டு. ஆன்டிசைக்காட்டிக் எனப்படும் மனநோய் மருந்துகளைக் கொடுத்து அடக்கிவைப்பது அத்தகையது. இம்மருந்துகள் மறதிநோய் கொண்ட முதியோரின் மரண அபாயத்தை மிகுவிக்கின்றன என 2005 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. 2009 இல் இங்கிலாந்து அரசுக்காகத் தயாரிக்கப்பட்ட அறிக்கையில், ஆண்டுதோறும் இம்மருந்துகளைப் பெறும் சுமார் 1,80,000 மறதிநோயாளருள் 36,000 பேர் அளவிலேயே பயன் அடைவர் என்றும், இதனால் ஆண்டுக்கு 1,800 மரணங்கள் கூடுதலாக நிகழ்கின்றன என்றும் மதிப்பிடப்பட்டது. ஆகவே நண்பகலில் கூடத்திலுள்ளோர் அனைவரும் உறங்கிவழிந்தால் அதனை அமைதி என்று எண்ணிவிடலாகாது. எத்தனை பேருக்கு இம்மருந்து கொடுக்கப்படுகிறது, எக்காரணத்திற்காக, மருத்துவர் கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்தார் என்று கேட்கவேண்டும். மருந்தை நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு. ஊழியர் தாமாக யோசனை கூறலாகாது.

உடல் கூறும் சான்று

வாய் கூறாததை உடல் கூறிவிடுகிறது. மாதந்தோறும் எடை பார்த்துக் குறிக்கும் இல்லத்தில், ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதங்களில் 10 சதவீதமோ எடை குறைந்திருந்தால் அது கவனிக்கத்தக்க வீழ்ச்சி. 50 கிலோ எடையுள்ளவர் ஆறு மாதத்தில் 45 கிலோ ஆகியிருந்தால், ஊட்டும் நேரம் போதவில்லையா, பல்லில் நோயா, விழுங்குவதில் இடையூறா என ஆராயப்பட்டிருக்க வேண்டும். எடைப் பதிவேடே இல்லையெனின் அதுவும் ஒரு விடையே.

படுக்கைப்புண் இடுப்பெலும்பு, குதிகால், முதுகின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் தோன்றுகிறது. முதல் கட்டத்தில் தோல் சிவக்கும் என்று நூல்கள் கூறினும், கறுத்த மேனியில் சிவப்பு புலப்படாது. அவ்விடம் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாகவோ கடினமாகவோ இருப்பதைக் கையால் தொட்டே அறியவேண்டும். இதனைப் பணியாளர் அறிந்திருக்கின்றனரா என்பது நல்ல கேள்வி.

வலியைக் கூற இயலாதோருக்காக 2003 இல் வகுக்கப்பட்ட ஓர் அளவை, மூச்சுவிடும் விதம், முனகல், முகக்குறி, உடலின் இறுக்கம், ஆறுதலுக்கு இணங்குதல் ஆகிய ஐந்தையும் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பளிக்கிறது. மொத்தம் 10. எண்ணைவிட, இல்லத்தில் எவரேனும் இப்படிப் பார்க்கின்றனரா என்பதே முக்கியம். ஒரு நாளில் திடீரெனக் குழப்பம் மிகுந்தால் அது பெரும்பாலும் மறதிநோயின் வளர்ச்சி அன்று. சிறுநீர்த் தொற்று, நீர்க் குறைவு, மலச்சிக்கல், புதிய மருந்து ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரை அழைக்கும் இல்லமும், "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடும் இல்லமும் தரத்தில் மிக வேறுபட்டவை.

பதிவேடுகளைப் படிக்கும் விதம்

எண்களைத் தனித்தனியே நோக்கினால் தவறான முடிவு ஏற்படும். ஓராண்டில் ஒருவரும் விழவில்லை என்று கூறும் இல்லம் சிறந்ததாகத் தோன்றும். ஆனால் அனைவரும் கட்டிலோடு கிடத்தப்பட்டிருந்தாலும், விழுந்ததை எழுதும் வழக்கமே இல்லாதிருந்தாலும் அதே எண்தான் கிடைக்கும். நடமாட விடும் இல்லத்தில் சிலர் விழுவது இயல்பு. ஆகவே விழுந்தோர் தொகையை, கட்டப்பட்டோர் தொகையுடனும் மருந்து பெறுவோர் தொகையுடனும் சேர்த்துப் படிக்கவேண்டும். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் காரணம் ஆராயப்பட்டு, விளக்கு, செருப்பு, கைப்பிடி என ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டதா என்பதே தரத்தைக் காட்டும். அவ்வாறே, நோய் முற்றியவர்களை ஏற்கும் இல்லத்தில் மரணமும் எடைக்குறைவும் மிகுதியாக இருக்கும். தொடக்க நிலையினரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் இல்லத்துடன் அதனை ஒப்பிடுவது நியாயமன்று.

மொழியும் வாழ்க்கைக் குறிப்பும்

இருமொழி அறிந்தோர் பலரிடம் பிற்காலத்தில் கற்ற மொழி முந்தித் தளர்ந்து, இளமையில் பேசிய மொழி எஞ்சி நிற்பது காணப்படுகிறது. போனக்காடு போன்ற தோட்டங்களில் வாழ்ந்து, மலையாளத்தைச் சரளமாகப் பேசிய தமிழ் மூதாட்டி, நோய் வளர வளரத் தமிழுக்கே திரும்பிவிடக்கூடும். தமிழறிந்தவர் ஒருவரேனும் ஒவ்வொரு வேளையிலும் இல்லாத இல்லத்தில், அவர் தண்ணீர் கேட்பதும் பிதற்றலாகக் கருதப்பட்டுவிடும். ஆகவே அத்தகைய குடும்பங்களுக்கு மொழி, உணவுக்கும் மருந்துக்கும் இணையான தர அளவாகும்.

நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர், விடியற்காலையில் எழுந்து வாசலை நோக்கி விரைந்தால், அவர் தப்பியோட முயல்வதாகக் கொள்ளலாம். சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு நேரமாயிற்று என அவர் எண்ணுவதாகவும் கொள்ளலாம். இரண்டாவதை உணர்ந்த இல்லம், கதவைத் தாளிடுவதற்குப் பதிலாகத் தேநீர் கொடுத்து, கீரை ஆய்வதற்கு ஒரு கூடையை அவர் மடியில் வைக்கும். கைகள் பழகிய வேலையில் அமைதி பெறும். இதற்கு, அவர் யார் என்பது இல்லத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கு ஆசிரியர்கள் பேருதவி புரியலாம். முதியவரின் பேரக்குழந்தைகளைக் கொண்டு, தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு எழுதச் செய்யலாம். அவரை எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், பிறந்த ஊர், செய்த வேலை, வணங்கும் தெய்வம், விரும்பும் உணவும் பாட்டும், அஞ்சும் பொருள், குளிக்கும் நேரம், இழந்த உறவினர் பெயர் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். அக்குறிப்பை இல்லத்தாரிடம் கொடுத்து, ஒரு மாதம் கழித்துப் பணியாளரிடம் அதிலுள்ள ஒரு செய்தியைக் கேட்டுப் பார்த்தல், தரத்தை அறியும் எளிய சோதனையாகும்.

பார்வையிடும் ஒழுங்கு

மதிப்பீட்டை ஒரே நாளில் முடிக்காது, மூன்று வருகைகளாகப் பிரித்துக்கொள்வது நன்று. முதல் வருகை அறிவித்துச் செல்வது. அதில் கட்டடமும் பதிவேடுகளும் கட்டணமும் மருத்துவ ஏற்பாடும் கேட்டறியப்படும். இரண்டாவது உணவு வேளையில். மூன்றாவது அந்தி வேளையில். உறவினர் எந்த நேரத்திலும் வரலாம் என்று விதி இருப்பின் அது நல்ல அறிகுறி. குறித்த நாளில் மட்டும் வரவேற்பறையில் மட்டும் சந்திக்கலாம் என்பது ஐயத்திற்கு இடமளிக்கும். குறைகண்டால் முதலில் இல்லத் தலைவரிடம் எடுத்துரைத்து, அவர் அதனை ஏற்கும் விதத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கொடுமையோ கட்டிவைத்தலோ கண்டால் மாவட்டச் சமூகநீதி அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது ஊழியரின் கடமையாகும்.

முதியவரைச் சேர்த்தவுடன் மதிப்பீடு முடிந்துவிடுவதில்லை. மலையிலிருந்து நகரம் வரை அடிக்கடி சென்றுவரக் குடும்பத்தாருக்குப் பொருள் வசதியோ நேரமோ இராது. ஆகவே ஊர் ஊழியரும் ஆசிரியரும் உறவினரும் முறைவைத்துக்கொண்டு, மாதத்திற்கு ஒருவரேனும் சென்று, எடைப் பதிவேட்டைப் பார்த்து, அரைமணி நேரம் அருகில் அமர்ந்து, கண்டதைத் தேதியுடன் ஒரே குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். ஆறு மாதக் குறிப்புகளை வரிசையாகப் படித்தால் முதியவர் தேறுகிறாரா தளர்கிறாரா, தளர்வு நோயினாலா கவனக்குறைவினாலா என்பது ஓரளவு தெளிவாகும். அக்குறிப்பேட்டை மருத்துவரிடமும் இல்லத் தலைவரிடமும் காட்டிக் கலந்தாலோசித்தபின், அங்கேயே தொடர்வதா, வேறிடம் மாற்றுவதா என்பதைக் குடும்பத்தார் தீர்மானிக்கலாம்.